பெடல் மேலேதான் இருந்தது

கடலூர்,
9.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இளவரசு எழுதிக்கொள்வது. உன் போனுக்கு அடித்தால் பாதி ரிங்கிலேயே கட்டாகிறது. என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய் என்று தாமதமாகத்தான் புரிந்தது. சிந்துஜா போனிலிருந்து அடித்தேன். எடுத்தாய். "அக்கா" என்றதும் வைத்துவிட்டாய். இப்போது என் வீட்டுக்காரி நம்பரும் போயிற்று. மாமாவைக் கேட்டால், "மச்சான், நான் நடுவுல வர்ல. நீயாச்சு, ஒங்க அக்காவாச்சு. எதுவா இருந்தாலும் எழுதிப் போடு. படிக்காம கிழிக்க மாட்டா" என்கிறார். அதனால்தான் இந்தக் காகிதம்.

கை எப்படி இருக்கிறது? மணிக்கட்டில் வலி ஜாஸ்தியா? கட்டு எப்போது பிரிப்பார்களாம்?

போன ஞாயிறு நடந்ததை நான் பார்த்த வரையில் வரிசையாக எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்து.

சிப்காட்டில் மூடிக் கிடக்கிற அந்தக் கம்பெனி வளாகத்துக்குள் வண்டியை இறக்கினோம். ராஜமாணிக்கம் சார் தன் சிநேகிதரிடம் பேசி வாங்கிய இடம். நேரான சிமெண்ட் ரோடு, அது முடிகிற இடத்தில் இடது பக்கம் வளைவு, வளைவுக்கு நேர் எதிரே கோடவுன் சுவர். சுவருக்கு முன்னால் நான்தான் மணல் மூட்டை அடுக்கினேன். சோழவரத்து ரேஸில் ஓடி, பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் சார் வீட்டு ஷெட்டில் கிடந்த வண்டி. ஒற்றை ஆள் உட்காரும் வண்டி, முதுகுக்குப் பின்னால் பழைய ஃபியட் எஞ்சின். ஒரு வருஷம் அதைத்தானே கட்டிக்கொண்டு அழுதேன். இந்தச் சின்னக் கூட்டுக்குள் உட்கார உடம்பும், இந்த மாதிரி வண்டியை ரேஸில் ஓட்டிய கையும் உள்ள ஆள் என் அக்காதான் என்று சாரிடம் சொன்னதும் நான்தான்.

முதலில் மெதுவாகச் சுற்றினாய். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாய். அப்புறம் மூன்றாவது கியரில் முழு வேகத்தில் போனாய். நான் எடைமேடை பக்கம் நின்றிருந்தேன். வளைவுக்கு முன்னால் சத்தம் குறைய வேண்டிய இடத்தில் குறையவில்லை. வண்டி நேராகப் போய் மூட்டைகளின் மேல் ஏறி, திரும்பி, இடது பக்கமாகச் சுவரில் மோதியது. ஓடி வந்தேன்.

அதற்கு மேல் உனக்கே தெரியும்.

கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். கேபிள், ஸ்பிரிங், பெடல் எல்லாம் ஃப்ரீயாக இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருந்த உனக்கு என்ன தெரிந்தது என்று எழுது. தெரியாமல் என்னால் தூங்க முடியவில்லை.

தம்பி,
இளவரசு


சிதம்பரம்,
14.8.2025

இளவரசுக்கு,

உடைந்தது இடது கை. எழுதுவது வலது கை. அதனால் எழுத்து நன்றாகவே வரும்.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டு, "ஓடி வந்தேன், அதற்கு மேல் உனக்கே தெரியும்" என்று முடித்துவிட்டாயே. அதற்கு மேல் நான் எழுதுகிறேன்.

ஓடி வந்தாய். என் கை மடங்கி ஸ்டியரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்ற முடியாமல் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். நீ குனிந்தாய். என் முகத்தைப் பார்க்கத்தான் குனிகிறாய் என்று நினைத்தேன். நீ என் காலடியில் கையை விட்டு ஆக்சிலேட்டர் பெடலை ஆட்டிப் பார்த்தாய். பார்த்துவிட்டு, அத்தனை பேர் கேட்கும்படி, "பெடல் மேலதான்க்கா இருக்கு. ஃப்ரீயா இருக்கு. நீ பிரேக்குன்னு நெனச்சு இத மிதிச்சிட்டியா?" என்றாய்.

உடனே உங்கள் ராஜமாணிக்கம் சார், "லேடீஸுக்குக் கால் மாறுறது சகஜம்தாம்ப்பா, விடு" என்றார். நீ வாயைத் திறக்கவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு எது பிரேக், எது ஆக்சிலேட்டர் என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் டிரைவிங் ஸ்கூல் வாசலில் இனி அதையும் எழுதி மாட்டட்டுமா?

கேட்டதால் சொல்கிறேன். வளைவுக்கு முன்னால் காலை எடுத்தேன். பெடலும் என் காலோடு மேலே வந்தது. சத்தம் மட்டும் குறையவில்லை. பிரேக்கை மிதித்தேன். முன்னால் வண்டி நிற்கப் பார்க்கிறது, பின்னாலிருந்து எஞ்சின் தள்ளுகிறது. கடைசியில் கிளட்சையும் மிதித்தேன். சட்டென்று சத்தம் அடங்கியது. அப்புறம் சுவர்.

இவ்வளவுதான். இனி அந்த வண்டியைப் பற்றி எனக்கு எழுதாதே.

பவானி


கடலூர்,
19.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் படித்துவிட்டு சிந்துஜாவிடம் கொடுத்தேன். அவள் படித்து முடித்து, "நீங்க மனுசனா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு சாப்பாடு போடும்போது பேசுவதில்லை.

நான் ஏன் பெடலைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வண்டி நான் கட்டியது. என் கையால் ஏதோ விட்டுப்போய் உன்னைக் கொண்டுபோய்ச் சுவரில் அடித்துவிட்டதோ என்கிற பதற்றத்தில் கை தானாக அங்கே போய்விட்டது. பெடல் ஃப்ரீயாக இருந்ததும், என் தப்பு இல்லை என்று ஒரு நிமிஷம் நிம்மதி வந்தது உண்மை. அந்த நிம்மதியில்தான் அப்படிப் பேசிவிட்டேன். மன்னித்துக்கொள்.

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ சொன்னதையே திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கேபிள் சிக்கியிருந்தால் பெடல் மேலே வந்திருக்காது. கார்புரேட்டரே திறந்தபடி மாட்டியிருந்தால் கிளட்சை மிதித்ததும் எஞ்சின் இன்னும் கத்தியிருக்கும், அடங்கியிருக்காது. இரண்டும் இல்லை என்றால் என்ன? வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சின் சூடாகும் வரை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக இறங்குகிறது. எனக்குத் தெரிந்த எந்தக் கோளாறும் நீ சொல்வதோடு பொருந்தவில்லை. நீ தப்பு என்று சொல்ல வரவில்லை அக்கா. எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன்.

சார் பொறுமையாக இல்லை. ஜனவரியில் சென்னைப் பக்கம் டிராக்கில் பழைய ரேஸ் வண்டிகளையெல்லாம் ஓட்டுகிறார்கள், அதில் இது ஓடியாக வேண்டும் என்கிறார். மழைக்காலம் வருவதற்குள் அடுத்த டெஸ்ட் வேண்டுமாம். பாண்டிச்சேரியில் சிலம்பரசன் என்று ஒரு டிரைவரைப் பிடித்திருக்கிறார்.

வளைந்த தகட்டைத் தட்டி நேராக்கிக்கொண்டிருக்கிறேன். அடிக்கிற ஒவ்வொரு அடியும் எனக்கே விழுகிற மாதிரி இருக்கிறது.

இளவரசு


சிதம்பரம்,
27.8.2025

இளவரசுக்கு,

பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். சிலம்பரசன் என்ற பெயரைப் படித்த பிறகு இருக்க முடியவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். உன் மாமாவுக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்கும் இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. காலை எடுத்தேன் என்று உனக்கு அடித்துச் சொன்னேன். எழுதும்போது சத்தியமாக அப்படித்தான் ஞாபகம். ஆனால் நீங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி, குளிக்கும்போதும் சமைக்கும்போதும் அதையே ஓட்டிப் பார்த்து, இப்போது அந்த இடத்துக்கு வந்தால் என் கால் எங்கே இருந்தது என்றே குழம்புகிறது. ஒரு வேளை நான்தான் மாற்றி மிதித்தேனோ? பிள்ளை பெற்று, பத்து வருஷம் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்ததில் கால் மறந்துவிட்டதோ?

டிரைவர் சீட்டில் உட்காரவே முடியவில்லை. கைக்கட்டைக் காட்டி எல்லோரிடமும் தப்பித்துக்கொள்கிறேன். போன வாரம் மெகருன்னிசா என்று புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற அம்மா, "கை சரியாயிட்டா நீங்க ஒரு தடவ ஓட்டிக் காட்டணும் டீச்சர், பாத்தாதான் எனக்குப் பயம் போவும்" என்றார். சிரித்து வைத்தேன். அடுத்த மாதம் கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன சொல்வேன்?

போகட்டும். என் பயம் என்னோடு. அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். நான் மாற்றி மிதித்திருந்தால் அவனுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. நன்றாக ஓட்டுவான், நீங்கள் எல்லோரும் கை தட்டலாம். நான் மாற்றி மிதிக்கவில்லை என்றால்? அந்தக் கோளாறு இன்னும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த தடவை மணிக்கட்டோடு போகாது.

நான் தப்பாக இருந்துவிட்டால் நல்லது என்று சாமி கும்பிடுகிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டாய்.

அவனை உட்கார வைக்காதே.

பவானி


கடலூர்,
4.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் சார் வீட்டுக்கே போனேன். காட்டவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். "காரணம் தெரியாம வண்டிய எடுக்கக் கூடாது சார்" என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காரணம்தான் தெரியுதேப்பா. ஒங்க அக்காவ ஒத்துக்கச் சொல்லு, முடிஞ்சிது. எனக்கு அவுங்க மேல கோவமே இல்ல." நான் எழுந்து வந்துவிட்டேன். பின்னாலேயே வாசலுக்கு வந்து, செப்டம்பர் கடைசி ஞாயிறு என்று தேதியும் சொல்லிவிட்டார். திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு ஓட்டலாமாம்.

சிலம்பரசன் பட்டறைக்கு வந்தான். திமிர் பிடித்தவனாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நல்ல பிள்ளை. வந்ததும், "அக்காவுக்குக் கை தேவலையாண்ணே? அவுங்க ஓட்டி நான் பாத்திருக்கேன். எங்கப்பா தோள்ள ஒக்காந்து பாத்தேன்" என்றான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். உள்ளே உட்கார்ந்தான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவனுக்குப் பொருந்துகிறது. பிறகு, "அன்னிக்கி என்னாதாண்ணே ஆச்சு?" என்று கேட்டான். நான் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அவனுக்கு முன்னால் நான் ஓட்டுவேன். நான் கட்டிய வண்டியில் ஏதாவது இருந்தால் எனக்கே ஆகட்டும். நேற்று உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பு வரை இறங்கியது, அப்புறம் மாட்டிக்கொண்டது. சிந்துஜா என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். இத்தனை நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், நான் எதற்காக உள்ளே இறங்கினேன் என்று புரிந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சீட்டின் மெத்தையைப் பிடுங்கிவிட்டால் இறங்கிவிடலாம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

இளவரசு


சிதம்பரம்,
17.9.2025

இளவரசு,

இதை உன் மாமாவிடம் கொடுத்து அடுத்த பஸ்ஸில் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்பாய், பாதியைக் காதில் வாங்க மாட்டாய். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நில். மாமாவும் கூட நிற்பார்.

இன்று காலை வண்டிகேட் பக்கம் மெகருன்னிசா அம்மாவுக்கு வகுப்பு. எஞ்சின் சூடாகிவிட்டது என்று பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். "ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க" என்றேன். அவர் ஸ்டார்ட் செய்தார், பழக்கத்தில் கியரும் போட்டார், கிளட்சைப் படக்கென்று விட்டார். நான் ஓரமாக நின்றதால் பிழைத்தேன். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. அவர், "யா அல்லா! டீச்சர், மேல பட்டுச்சா?" என்று அலறுகிறார். அந்த ஒரு துள்ளலில் எஞ்சின் தன் இடத்திலிருந்து எழும்பி உட்கார்ந்ததைப் பார்த்தேன். தூங்குகிற ஆள் திடுக்கிட்டு எழுந்து படுத்த மாதிரி.

நீ எஞ்சினைச் சூடாக்கி மிதித்துப் பார்த்ததெல்லாம் வண்டி நிற்கும்போதுதானே? அப்போது எஞ்சினுக்கு ஒரு பாரமும் இல்லை. வண்டியை இழுக்கும்போதுதான் அது முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் எழும்பும். எழும்ப விடாமல் பிடித்து வைப்பது அடியில் இருக்கிற ரப்பர் மெத்தைகள். அதில் ஒன்று விட்டுப்போயிருந்தால்? கேபிளின் ஒரு முனை என் காலடியில், சேசிஸில். மறு முனை எஞ்சினில், கார்புரேட்டரில். எஞ்சின் எழும்பினால் கேபிளை அதுவே இழுக்கும். நான் காலை எடுத்தாலும் இழுத்தபடிதான் இருக்கும். கிளட்சை மிதித்தால் பாரம் போய்விடும், எஞ்சின் உட்கார்ந்துவிடும், சத்தம் அடங்கும். சுவரில் மோதிய பிறகு யார் வந்து பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கும்.

இது என் ஊகம்தான். நான் தப்பு செய்யவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக மனசு கட்டுகிற கதையாகவும் இருக்கலாம். நீ கையால் தொட்டுப் பார்த்துச் சொல்கிற வரைக்கும் நான் எதையும் நம்பப் போவதில்லை.

ரப்பரை மேலே நின்று பார்க்காதே. அடியில் கடப்பாரை கொடுத்து எஞ்சினை நெம்பிப் பார்.

அக்கா


கடலூர்,
17.9.2025

அக்கா,

மாமா திரும்பி வருகிற பஸ்ஸிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே.

இடது பக்க ரப்பர். மேலே நின்று பார்த்தால் முழுசாக இருக்கிறது. நான் புதுசாக மாட்டியதுதான். நீ சொன்ன மாதிரி கடப்பாரையைக் கொடுத்தேன். மாமா கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெம்பினேன். இரும்புத் தகட்டிலிருந்து ரப்பர் வாயைத் திறந்தது. ஒட்டு விட்டுப்போயிருக்கிறது, எஞ்சின் பாரத்தில் மூடியே கிடந்திருக்கிறது. எஞ்சின் எழும்பிற்று. மாமா கத்தினார்: "மச்சான்! தொறக்குது! யாரும் மிதிக்கல, தானா தொறக்குது!" நான் எட்டி உள்ளே பார்த்தேன். பெடல் மேலேதான் இருந்தது. கார்புரேட்டர் முழுசாகத் திறந்திருந்தது.

கடப்பாரையை விட்டேன். எல்லாம் பழையபடி மூடிக்கொண்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீ காலை எடுத்துத்தான் இருந்தாய் அக்கா. ஞாபகம் பிசகவில்லை. உன் கால் மறக்கவில்லை. ஒட்டிய ரப்பரை இழுத்துப் பார்க்காமல் மாட்டியது என் கை.

சாரைப் பட்டறைக்கு வரச் சொன்னேன். அன்றைக்கு அங்கே இருந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அவர்கள் முன்னால் நெம்பிக் காட்டி, "எங்க அக்கா மேல தப்பு இல்ல. என் வேலையில தப்பு. அன்னிக்கி நான் பேசுனதும் தப்பு" என்றேன். சார் குனிந்து அந்தக் கேபிளை விரலால் இழுத்துப் பார்த்தார். "அவுங்க கிட்ட நான் என்னான்னு சொல்றது?" என்றார். "அத நீங்கதான் சார் யோசிக்கணும்" என்றேன்.

எல்லா ரப்பரையும் மாற்றப் போகிறேன். அதற்கும் மேல் எஞ்சின் எழும்பாதபடி இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை. கேபிளுக்குத் தாராளமாகத் தளர்வு. ஸ்டியரிங்கிலேயே எஞ்சினை அணைக்கிற சுவிட்ச்.

கடைசி ஞாயிறு முதலில் நான் ஓட்டிப் பார்க்கிறேன். சீட்டு மெத்தையைப் பிடுங்கிவிட்டேன்.

இளவரசு


சிதம்பரம்,
22.9.2025

இளவரசுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். உன் மாமா பின்னாலேயே வந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்.

காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. முந்தாநாள் காலை ஸ்கூல் வண்டியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பிச்சாவரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனேன். எதிரில் ஒரு மாடு. காலை எடுத்தேன், வண்டி ஒழுங்காக வேகம் குறைந்தது. குறையாமல் போயிருந்தால் என்று நினைத்தேன், உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு மெகருன்னிசா அம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் கேள்வி கேட்காமல் ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார்.

உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நீ ஓட்டாதே. அந்தச் சின்னக் கூட்டில் உன் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். வளைவில் திருப்ப முடியாது. உன் பிராயச்சித்தத்துக்கு சிந்துஜாவை விதவையாக்காதே.

ஒரு கோளாறைக் கண்டுபிடித்துவிட்டதால் வேறு கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. இடது பக்கம் சுவரில் மோதிய வண்டி. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கம்பிகளில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். தட்டி நிமிர்த்தியதெல்லாம் வேண்டாம், புதிதாகப் போடு. மணல் மூட்டைகளை இன்னும் முன்னால் தள்ளி அடுக்கு. கேட்டில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். இதெல்லாம் நடக்காமல் யாரும் உட்காரக் கூடாது. பூஜை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எஞ்சின் வேலையைப் பெருமாள் தலையில் கட்டிவிடாதீர்கள்.

ராஜமாணிக்கம் சாரிடமிருந்து போன் வந்தது. "நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார். "ஆமாம் சார்" என்றேன். வைத்துவிட்டோம்.

கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஓட்டலாம் என்று டாக்டர் சொல்கிறார்.

ஞாயிறு நான் வருகிறேன். ஓட்டுகிறேன் என்று சொல்லவில்லை. வருகிறேன்.

அக்கா


கடலூர்,
29.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீயும் மாமாவும் பஸ் ஏறிய பிறகு நான் வளாகத்துக்கே திரும்பிப் போனேன். உன்னிடம் நேரில் கேட்க வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சிலம்பரசன் ஹெல்மெட்டோடு தயாராக நின்றான். நீ அந்த ரோட்டை முழுக்க நடந்து போய்த் திரும்பி வந்தாய். மோதிய இடத்தில் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தாய். அவனிடம் வந்து, "தம்பி, மொதல்ல நான் போறேன். எனக்கு முடியலன்னா எறங்கிடறேன், அப்புறம் நீ போ" என்றாய். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "போங்கக்கா" என்றான். நீ உள்ளே இறங்கும்போது உன் வலது கால் நடுங்கியதைப் பார்த்தேன். தடுக்கலாமா என்று நினைத்தேன். தடுத்தாலும் தப்பு, விட்டாலும் தப்பு.

நான் பார்க்கவில்லை அக்கா. எடைமேடை அறைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தத்தை மட்டும் கேட்டேன். முதல் சுற்று, ஊர்வலம் மாதிரி. இரண்டாவது கொஞ்சம் வேகம். அப்புறம் திரும்பி ரோட்டின் ஆரம்பத்துக்குப் போய் நின்றாய். ரொம்ப நேரம் நின்றாய். பிறகு முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. முழுசாகத் திறந்து என்னைத் தாண்டிப் போனாய். சுவர் அதிர்ந்தது. குறைய வேண்டிய இடம் வந்தது.

குறைந்தது.

நான் மூச்சு விடுவதற்குள் எஞ்சின் மொத்தமாக அணைந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. டயர் சத்தமும் இல்லை. ஓடி வந்தேன். வண்டி வளைவைத் தாண்டி ஓரமாக நிற்கிறது. நீ உள்ளே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாய். "அக்கா, அக்கா" என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். நீ ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்து, "கத்தாதடா, கொஞ்ச நேரம் சும்மா இரு" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இறங்கினாய், சிலம்பரசனிடம் கிளட்சைப் பற்றி ஏதோ சொன்னாய், மூன்று மணி வகுப்பு என்று கிளம்பிவிட்டாய்.

எஞ்சின் ஏன் அணைந்தது? அவன் ஓட்டும்போது அணையவில்லை. இரண்டு தடவை போய் வந்தான். நான் மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். பெட்ரோல் ஒழுங்காக வருகிறது. ஒயர் எதுவும் விட்டுப்போகவில்லை. ரப்பரும் பட்டையும் இரும்பாக நிற்கின்றன. இன்னொன்று ஏதோ ஒளிந்திருக்கிறது என்று பயமாக இருக்கிறது. உனக்கு என்ன தெரிந்தது? எழுது.

இளவரசு


சிதம்பரம்,
3.10.2025

அன்புள்ள இளவரசுக்கு,

பிரித்ததையெல்லாம் மறுபடி மாட்டு. ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. சுவிட்சை அழுத்தியது நான்.

ரோட்டின் ஆரம்பத்தில் ரொம்ப நேரம் நின்றேன் என்றாய். இறங்கிவிடலாம் என்று இடுப்பு பெல்ட்டைக்கூட அவிழ்த்துவிட்டேன். சிலம்பரசன் தெரிந்தான். ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இறங்கினால் அடுத்து அவன் உட்காருவான். நம் வேலை சரியாக இருக்கிறதா என்று அவன் உயிரை வைத்துத் தெரிந்துகொள்வோம். பெல்ட்டை மறுபடி மாட்டினேன்.

மூன்றாவது கியரில் போகும்போது எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அந்தச் சுவர் மட்டும்தான். சுவிட்சின் மேல் கட்டை விரல். கால் நடுங்கியது என்றாய், அப்போது நடுங்கவில்லை, மரத்துப்போயிருந்தது. இடம் வந்தது. எடுத்தேன். சத்தம் விழுந்தது இளவரசு. அப்படியே, படியிறங்குகிற மாதிரி விழுந்தது. முன் சக்கரம் இரண்டும் ரோட்டைப் பிடித்தன, வண்டி நான் நினைத்த பக்கம் திரும்பியது. வளைவைத் தாண்டினதும் அந்த எஞ்சின் சத்தமும் வேண்டாம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காமல் இருக்க வேண்டும் போலிருந்தது. அணைத்துவிட்டேன். கடல் காற்று மட்டும் ஹெல்மெட்டுக்குள் வந்தது. அழுகிறேனா என்று பார்த்தேன். அழவில்லை. பசித்தது.

அந்த நேரத்தில்தான் நீ வந்து என்னை உலுக்கினாய்.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேற்று மெகருன்னிசா அம்மாவுக்குப் புவனகிரி பாலம் வரை ஓட்டிக் காட்டினேன். உள்ளங்கை வேர்த்தது. ஓட்டினேன். "இவ்வளவுதானா டீச்சர்?" என்றார்.

ஜனவரிக்கு நானும் சிலம்பரசனும் ஆளுக்கு ஒரு ஓட்டம் என்று ராஜமாணிக்கம் சாரிடம் சொல்லிவிடு. கேட்க வேண்டாம், சொல்லிவிடு.

சீட்டை முன்னால் தள்ளி வை. கிளட்சை எட்டி எட்டி மிதிக்க வேண்டியிருக்கிறது. பிடுங்கிய மெத்தையை மறுபடி போடு, முதுகு போய்விட்டது. பின்னால் பார்க்கிற கண்ணாடி இரண்டும் ஆடுகிறது. மழை பிடிப்பதற்குள் இன்னொரு ஞாயிறு கிடைக்கும். மூன்றாவது கியர் முழுசாகத் திறந்து, நாலாவது போடலாம் என்று கை போகும்போது வளைவு வந்துவிடுகிறது.

அந்த ரோடு பத்தாது. வேறு இடம் பார்.

அக்கா